யாதமின் வலது கை

யாதமைப் போல ஒரு நல்ல பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவனைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவனும் வேறு யாரும் இல்லை. இரண்டுக்கும் காரணம் அவனுடைய வலது கைதான்.

என் பெயர் கோன்சிக். மங்கோலிய ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். மற்ற நாட்களில் சாரின்கோல் சுரங்கத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறேன். முன்னால் ஓடுகிற ஐந்து பேர் செய்கிற தப்பெல்லாம் கடைசியில் கோல்கீப்பர் மடியில்தான் வந்து விழும். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாதம் எனக்கு நேர் முன்னால் நின்று தடுக்கிறவன். மல்யுத்தக்காரன் உடம்பு, புல்கான் பக்கம் குதிரை மேய்க்கிற குடும்பம். அவன் நின்றால் எனக்கு எதிரே கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். அவன் இல்லாவிட்டால் காற்று நேராக உள்ளே வரும்.

அந்த வருஷம் உலகப் போட்டியின் கடைசிப் பிரிவு ஆட்டங்கள் உலான்பாத்தரிலேயே நடந்தன. கடைசி என்றால் கடைசிதான், அதற்குக் கீழே எதுவும் கிடையாது. நான் அணிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷமும் அந்தக் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். தொடரை ஜெயிக்கிற ஒரே ஒரு அணி மேல் பிரிவுக்குப் போகும். அவர்களுடைய கொடி மேலே ஏறும், அவர்களுடைய தேசிய கீதம் முழுதாக ஒலிக்கும். தோற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்க வேண்டும். நின்று நின்று எத்தனையோ நாட்டுக் கீதங்கள் எனக்கு மனப்பாடம். லாரி ஓட்டும்போது வாய் தானாக ஏதாவது ஒன்றை முணுமுணுக்கும். “இது எந்த ஊர்க்காரன்கிட்ட தோத்த பாட்டு?” என்று என் மனைவி கேட்பாள்.

முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதுதான் எனக்குக் கடைசித் தொடர். எங்கள் கொடி ஏறுவதை ஒரே ஒரு தடவை பனித்தளத்தில் நின்று பார்த்துவிட வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

முதல் ஆட்டத்திலேயே யாதம் அதில் மண்ணைப் போடப் பார்த்தான்.

எங்கள் ஊரில் யார் காலிலாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால் அந்த இடத்திலேயே கை கொடுத்துவிட வேண்டும். பஸ்ஸோ சந்தையோ ஆஸ்பத்திரி வரிசையோ, எங்கே ஆனாலும் சரி. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தொட்டுவிட்டு அவரவர் வழியில் போவார்கள். கொடுக்காமல் போனால் இருவருக்கும் நடுவில் பகை வந்து உட்கார்ந்துவிடும் என்பார்கள். கையுறையோடு கையை நீட்டினால் அது அவமரியாதை. கண்ணிமை உறைகிற குளிரிலும் கழற்றிவிட்டுத்தான் நீட்டுவோம்.

தெருவில் இதெல்லாம் சரி. ஐஸ் ஹாக்கியில் எதிராளியின் முன்னால் ஒருவன் கையுறையைக் கழற்றிப் போட்டால் உலகம் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான். வாடா, ஒண்டிக்கு ஒண்டி பார்த்துவிடலாம் என்று பொருள்.

முதல் ஆட்டத்தில், மூலையில் ரப்பர் வட்டுக்காக நாலு பேர் முட்டிக்கொண்டிருந்தபோது, யாதமின் ஸ்கேட் எதிரணிக்காரன் ஒருவனுடைய பூட்ஸின் மேல் ஏறிவிட்டது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மகராசன் நின்றான், வலது கையுறையை உருவித் தரையில் போட்டான், கையை நீட்டினான். முகத்தில் அப்படி ஒரு பணிவு. அந்த ஆள் பணிவை எங்கே பார்த்தான்? கழன்று விழுந்த கையுறையைத்தான் பார்த்தான். தன் கையுறையையும் உதறிவிட்டு யாதமின் தாடையில் ஒன்று வைத்தான். பிறகு எல்லாரும் எல்லார் மேலும் விழுந்தார்கள். நடுவர் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்.

எங்கள் பயிற்சியாளர் லுவ்சன் மாஸ்டர், மொழிபெயர்ப்பாளரை இழுத்துக்கொண்டு நடுவரிடம் ஓடினார். கால், மிதி, கை, பகை என்று மூச்சு வாங்க விளக்கினார். நடுவர் நெட்டையான வெளிநாட்டுக்காரர், பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கழற்றியது கழற்றியதுதான், அடுத்த ஆட்டத்தில் அவன் உட்கார வேண்டும், இன்னொரு தடவை கழற்றினால் தொடர் முழுக்க வெளியே என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தோம். உடை மாற்றும் அறையில் யாதம் வீங்கின தாடையோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். நான் சும்மா இருப்பேனா?

“ஏன்டா, அவன் என்ன உன் மாமனாரா? கால்ல விழுந்து கும்பிட்டிருக்க வேண்டியதுதானே!”

“மிதிச்சிட்டேன்ணே,” என்றான். அதற்கு மேல் அவனிடம் வாதமே இல்லை.

“மிதிச்சா மிதி! ஹாக்கிடா இது. மிதிக்கத்தானே வந்திருக்கோம்!”

“அவன் ஊருக்குப் போயிட்டா அப்புறம் எங்கண்ணே பார்த்துக் கை குடுக்கறது?”

இவனோடு என்ன பேசுவது? அடுத்த ஆட்டத்தில் அவன் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, கறி வைத்துப் பொரித்த ஹூஷூர் தின்றுகொண்டிருந்தான். நான் வலைக்கு முன்னால் செத்துப் பிழைத்தேன். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பித்தோம். கடைசி ஆட்டம் பிலிப்பைன்ஸோடு. அவர்களும் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். ஜெயிக்கிறவர்கள் மேலே, தோற்கிறவர்கள் இன்னொரு வருஷம் இங்கேயே.

முந்தின நாள் பயிற்சியில் மாஸ்டர் ஒரு வைத்தியம் ஆரம்பித்தார்.

“எல்லாரும் வரிசையா போய் யாதம் கால மிதிங்கடா. அவன் கை நீட்டினா பத்து தண்டால். பழக்கம் எப்படிப் போகலன்னு பார்த்துடறேன்!”

ஒவ்வொருவராகப் போய் மிதித்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் யாதமின் கையுறை கழன்றது. அவனும் பனியில் குப்புற விழுந்து தண்டால் எடுத்தபடியே இருந்தான். அதுகூடப் பரவாயில்லை. பூயன் என்று ஒரு முன்கள ஆட்டக்காரன், எங்களில் வேகமானவன், யாதமின் காலை நன்றாக மிதித்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றினான்.

“நீ ஏன்டா கழட்டற?” என்று கத்தினார் மாஸ்டர்.

“மிதிச்சது நான்தானே மாஸ்டர்?”

“நான்தானேடா மிதிக்கச் சொன்னேன்!”

“அப்ப நீங்களும் குடுக்கணும் மாஸ்டர்,” என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான்.

மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “தள்ளுங்கடா” என்று தானே சறுக்கிக்கொண்டு வந்தார். யாதமின் பூட்ஸை ஓங்கி ஒரு மிதி. “பாருங்கடா! மிதிச்சேன். என்ன ஆச்சு? வானம் இடிஞ்சு விழுந்துச்சா? ஒண்ணும் ஆகல, பார்த்தீங்கல்ல?” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலேயே, கம்பளிக் கையுறையிலிருந்து வெளியே வந்து யாதமுக்கு முன்னால் நீண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். கடைசியாக அவரும் பார்த்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கும் பத்து தண்டால் கிடைத்தது.

வைத்தியம் பலிக்காததால் நான் என் வழியில் இறங்கினேன். லாரியில் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் ஒரு சுருள் வைத்திருந்தேன். ஆட்டத்தன்று அதை எடுத்து, யாதமின் வலது கையுறையை மணிக்கட்டோடு சேர்த்துச் சுற்றினேன்.

“இன்னும் இறுக்கிச் சுத்துங்கண்ணே.”

“ரத்தம் ஓட வேணாமாடா?”

“என் கைய நானே நம்பலண்ணே.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. “இங்க பாரு, நல்லவனா இருக்கறதுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் கெட்டவனா இரு. நாளைக்கு உலான்பாத்தர் பூரா நடந்து கண்டவனுக்கெல்லாம் கை குடு, நானே லாரியில கூட்டிட்டுப் போறேன்.”

“சரிண்ணே,” என்றான். அவன் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

பஸ் கிளம்பும்போது போகிற காரியம் நல்லபடியாக நடக்க மாஸ்டரின் மனைவி சக்கரங்களுக்குப் பால் தெளித்தார். இன்றைக்குத்தான் கழுவினேன் என்று டிரைவர் முனகினான். அரங்கம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலெல்லாம் ஆட்கள். உப்புத் தேநீர் பிளாஸ்க்கும் மூட்டை முடிச்சுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்.

பிலிப்பைன்ஸ்காரர்களில் பாதிப் பேர் கனடாவில் வளர்ந்தவர்கள், ஸ்கேட்டோடு பிறந்த மாதிரி ஓடினார்கள். அதிலும் அவர்கள் கேப்டன், பதினேழாம் நம்பர், ஒரு வெட்டுக்கிளி. இங்கே இருப்பான், திரும்பிப் பார்ப்பதற்குள் என் மூக்குக்குக் கீழே இருப்பான். முதல் இரண்டு பகுதிகளில் அவன் ஒருவனே இரண்டு கோல் போட்டான். எங்கள் பூயன் ஒன்று, இன்னொருவன் ஒன்று என்று நாங்களும் இரண்டு போட்டுச் சமாளித்தோம். மூன்றாவது, கடைசிப் பகுதி தொடங்கும்போது கணக்கு சமம். அந்த வெட்டுக்கிளி இன்னும் ஒன்று போட்டால் என் கதை முடிந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக யாதமும் பதினேழும் மோதிக்கொண்டார்கள். யாதமின் ஸ்கேட், எத்தனை பெரிய ஸ்கேட் அது, பதினேழின் பூட்ஸ் மேல் போய் நச்சென்று உட்கார்ந்தது.

யாதமின் இடது கை வலது கையுறையைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. மறுபடியும் இழுத்தான். வரவில்லை. பல்லால் கடிக்கப் பார்த்தான், ஹெல்மெட்டின் கம்பி வலை குறுக்கே நின்றது. டேப் தயாரித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று நான் மனதார வாழ்த்தினேன். அதற்குள் பதினேழு பறந்துவிட்டான். அவனுக்கு அடிபடவுமில்லை, மிதிபட்டதையே அவன் சட்டை செய்யவில்லை.

யாதமால் அப்படி விட முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன் மாதிரி தவித்தான். பிறகு, கையுறை கழன்றாலும் கழலாவிட்டாலும் ஆளையாவது பிடித்து நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். மட்டையை இடது கைக்கு மாற்றினான். கட்டுப்போட்ட வலது கையை முன்னால் நீட்டினான். பதினேழின் பின்னால் போக ஆரம்பித்தான்.

“யாதம்! இடத்துக்கு வாடா!” என்று நான் அலறினேன்.

“ஒரு நிமிஷம்ணே!”

“என்னடா ஒரு நிமிஷம்? டீக்கடையா இது?”

அவன் கேட்டால்தானே? பதினேழு இடது ஓரம் போனால் யாதமும் இடது ஓரம். அவன் நடுவில் வந்தால் இவனும் நடுவில். “தம்பி! நில்லுப்பா! ஒரே ஒரு நிமிஷம்!” என்று எங்கள் மொழியில் கத்திக்கொண்டே போகிறான். அந்தப் பையன் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். நூறு கிலோ ஆள், தாடை வீங்கியிருக்கிறது, முதல் ஆட்டத்தில் அடிதடியில் வெளியேற்றப்பட்டவன். புரியாத மொழியில் கத்திக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, ஆட்டத்தையே மறந்து உங்கள் ஒருவரை மட்டும் துரத்துகிறான். நீங்கள் நிற்பீர்களா?

அவனும் நிற்கவில்லை. வட்டு காலடிக்கு வரும்போதெல்லாம் முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தான். பார்த்ததும் வட்டை யாரிடமாவது தள்ளிவிட்டு ஓடினான். இளைப்பாற அவன் பெஞ்சுக்குப் போனால் யாதமும் எங்கள் பெஞ்சுக்கு வந்து, உட்காராமல், அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இறங்கினால் இவனும் இறங்கினான். எங்கள் ஆட்டக்காரர்களை மாற்றுகிற முறையெல்லாம் சந்தி சிரித்தது. நடுவர் இருவருக்கும் பக்கத்திலேயே ஓடிப் பார்த்தார். தொடவில்லை, இடிக்கவில்லை, தடுக்கவில்லை. கையை நீட்டுவது குற்றம் என்று எந்த விதியிலும் இல்லை.

மாஸ்டர் பெஞ்சில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டாராம். பூயன் பிறகு சொன்னான். “மாஸ்டர், அவனைக் கூப்பிடட்டுமா?” என்று இவன் கேட்டதற்கு, “வாய மூடு. அந்தப் பதினேழு கோல் பக்கம் வட்டு அடிச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? அவன் போகட்டும், விடு” என்றாராம்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வெகு நேரமாக நான் சும்மா நிற்கிறேன். மேலே வந்து விழ வேண்டிய வெட்டுக்கிளி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது வட்டு நடுத்தளத்தில் பதினேழிடம் வந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் குனிந்து தயாரானேன். முழங்கால் ஐயோ என்றது. இரண்டு எட்டு வந்தவன், பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தான். யாதம் அவன் தோளுக்குப் பின்னாலேயே இருந்தான், கை நீட்டியபடி, கண்ணெல்லாம் நீரோடு, “தம்பி!” என்றான். பையன் பதறி வட்டைப் பின்பக்கமாகத் தட்டிவிட்டான். அங்கே அவன் ஆள் யாருமில்லை, எங்கள் பூயன்தான் இருந்தான். பூயன் ஒரு கணம் வட்டைப் பார்த்தான், பிறகு காற்றாகப் போனான். தனியாகப் போய், கோல்கீப்பரை இடப்பக்கம் சாயவைத்து, வலப்பக்கம் உள்ளே தள்ளினான். மூன்று, இரண்டு!

அரங்கம் எழுப்பிய சத்தத்தில் என் வலைக்கம்பி அதிர்ந்தது. நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

கடைசி நிமிஷத்தில் அவர்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கினார்கள். அத்தனை பேரும் என் வாசலில். இந்தத் தடவை யாதமை இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள், பதினேழுக்கு வழி கிடைத்தது. அடித்தான். பார்த்து எங்கே தடுப்பது? உடம்பை அப்படியே போட்டேன். நெஞ்சில் ஏதோ இடித்தது. என் மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். வட்டு எங்கே என்று எனக்கே தெரியாது. சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்த பிறகு நடுவர் குனிந்து என்னைப் புரட்டினார், வட்டு என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நான் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்து அழுதேன். பூயன் வந்து என் ஹெல்மெட்டுக்கே முத்தம் கொடுத்தான்.

பிறகு இரண்டு அணிகளும் எதிரெதிரே நீலக் கோட்டில் வரிசையாக நின்றோம். ஹெல்மெட்டைக் கழற்றினோம். எங்கள் கொடியைக் கயிற்றில் மாட்டினார்கள். ஒலிபெருக்கி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான பேர் எழுந்தார்கள், சத்தம் அடங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். நான் மூச்சை இழுத்து முதல் வரிக்குத் தயாரானேன்.

பக்கத்தில் சர்ரென்று சத்தம் கேட்டது. ஹெல்மெட் போய்விட்டதல்லவா, யாதம் பல்லால் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

“டேய்,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “பாட்டு முடியட்டும்டா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஒரு நிமிஷம்ணே,” என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டுக் கிளம்பினான்.

அமைதியான அரங்கத்தின் நடுவே அவன் ஒருவன் மட்டும் சறுக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனான். பதினேழின் முன்னால் நின்றான். வலது கையுறையை உருவித் தரையில் போட்டான். அவர்கள் வரிசை விறைத்தது. நெட்டை நடுவர் ஓரடி முன்னால் வந்தார். யாதம் குனிந்து தன் பூட்ஸைக் காட்டினான், பதினேழின் பூட்ஸைக் காட்டினான். பிறகு வலது முழங்கைக்குக் கீழே இடது கையை வைத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல, வெறும் கையை நீட்டினான்.

பாட்டு போடுகிறவன் போடவில்லை. அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே? கயிறு இழுக்கிறவன் இழுக்கவில்லை. மாடியிலிருந்து படிக்கட்டு வரை அத்தனை பேருக்கும் அந்தக் கை எதற்கு நீண்டிருக்கிறது என்று தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கொடியும் கீதமும் என் பத்து வருஷமும் அப்படியே நின்றன, அந்தப் பையன் கையைப் பார்த்துக்கொண்டு.

அவன் பூட்ஸைப் பார்த்தான், யாதமின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையுறைகளையும் உதறிப் போட்டான். யாதமின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரித்து ஏதோ சொன்னான். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அது இவ்வளவுதான்: “இதுக்கா என்னை ஓட ஓட வெரட்டின?”

அரங்கம் வெடித்தது. கோல் போட்டபோதுகூட அப்படி ஒரு சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்தின் நடுவிலேயே பாட்டு தொடங்கியது, கொடி அசைந்தது, மேலே போகத் தொடங்கியது.

எத்தனையோ நாட்டுக் கீதங்களை முணுமுணுத்த வாய்க்கு எங்கள் கீதத்தின் முதல் வரி வரவில்லை, இரண்டாவது வரியில்தான் பிடித்தேன். பிடித்த பிறகு விடவில்லை. எங்கள் வரிசையில் யாதமின் இடம் காலியாக இருந்தது. அவன் பிலிப்பைன்ஸ் வரிசையில், அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்று, ராகமே இல்லாமல் எல்லாரையும் விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அவனை என்ன சொல்லியிருப்பேனோ. அன்றைக்கு எனக்கு அவன் மேல் வந்ததெல்லாம் பெருமைதான். கொடி உச்சிக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை.